சேர்மன் காதும் மாப்பிள்ளை கையும்

உக்காருங்க தங்கச்சி, நல்லா உக்காருங்க. நான் இந்தத் தூண் ஓரமா நகந்துக்கிறேன். அந்தக் கட்டப்பைய மடியிலயே வச்சுக்கங்க. கீழ வச்சா வர்ற போற நாயெல்லாம் உள்ள தலைய விட்டு மோந்து பாக்கும், குட்டி பயந்துக்கும். மொத தடுப்பூசியா? அதான் பாத்தேன். குட்டி இன்னும் வாலாட்டிக்கிட்டு இருக்கு. அடுத்த தடவ கூட்டிட்டு வாங்க, அந்த கேட்டுக்கிட்ட வந்ததுமே வாலு எங்க போச்சுன்னு தேடணும்.

ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. உள்ள போனதும் டாக்டரம்மா, "யாராச்சும் வாயப் பிடிங்க"ன்னு சொல்லுவாக. நீங்க பிடிச்சிராதீக. ஒங்க வீட்டுக்காரரு சீட்டு வாங்கத்தான போயிருக்காரு? வரட்டும், அவரு பிடிக்கட்டும். நீங்க வெளிய வந்து நின்னுக்கங்க. எல்லாம் முடிஞ்சதும் ஒண்ணும் தெரியாத மாதிரி போயி, "அய்யோ எந்தங்கத்துக்கு என்னாச்சு"ன்னு வாங்கிக்கங்க. அம்புட்டுத்தான். ஆயுசுக்கும் அது ஒங்க நாய்.

சிரிக்காதீக. ஊசி போட்டவுகள நாய் மன்னிச்சிரும். பிடிச்சவுகள மன்னிக்காது. டாக்டரம்மா யாரு, என்னைக்கோ ஒருநா பாக்குற ஆளு. ஆனா பிடிச்சவன் யாரு? சோறு போட்டவன். சோறு போட்ட கையாலேயே வாயப் பொத்துறியேன்னு அது ஒரு பார்வை பாக்கும் பாருங்க, அத நம்மால தாங்க முடியாது. நான் தாங்குனதில்ல, எனக்குத் தேவையும் வந்ததில்ல. நான்தான் பிடிக்க மாட்டேனே.

இந்தா கெடக்கான்ல, இவன் பேரு சேர்மன். உள்ளாட்சித் தேர்தல் நடந்த வாரத்துல எங்க கடை வாசலுக்கு வந்து சேந்தான். வந்தவன் நேரா உள்ள போயி நாற்காலியில ஏறி உக்காந்துட்டான். எறக்கி விட்டா திரும்பவும் ஏறுறான். அப்பத்தான் அந்தப் பேர வச்சோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி வீரணன் வாடகைப் பாத்திரக் கடைன்னு இருக்குல்ல, அது நம்மதுதான். ஒங்க வீட்டு விசேசத்துக்குக் கூட நம்ம அண்டா வந்திருக்கும். நான் தான் வீரணன்.

பயப்படாதீக, கடிக்க மாட்டான். கடையில இருந்தா கடிப்பான். அங்க ஒரு ஆளு அண்டாவத் தட்டிப் பாக்க முடியாது. இங்க எந்த நாயும் கடிக்காது தங்கச்சி, இந்த மாட்டாஸ்பத்திரி வராண்டாவுக்கு அப்பிடி ஒரு மகிமை. அந்தா பாருங்க, அந்தக் கறுப்பு நாய், ரைஸ்மில்காரரு வீட்டு நாய். அவுக தெருவுல போஸ்ட்மேன் சைக்கிள விட்டு எறங்க மாட்டாரு. இப்ப என்ன பண்ணுது? தலைய மட்டும் பெஞ்சுக்கு அடியில விட்டுட்டு மிச்ச ஒடம்பு பூராத்தையும் வெளிய வச்சுக்கிட்டு ஒளிஞ்சிருக்கு. நமக்கு அது தெரியலன்னு அதுக்கு நெனப்பு. அங்கிட்டு அந்த வெள்ளை நாய் செவுத்தப் பாத்து உக்காந்திருக்குல்ல, அது ஒரு ரகம். நான் ஒன்னையப் பாக்கல, நீயும் என்னையப் பாக்காதங்குற கணக்கு. சின்ன நாய்ங்க இருக்கே, சடை நாய்ங்க, அதுகதான் நாடகக் கம்பெனி. ஊசிய எடுக்குறதுக்கு முன்னாடியே உயிர் போற மாதிரி கத்தும். ஊசி போட்டு முடிச்சு பத்தடி வந்ததுக்கப்புறந்தான் போட்டதே அதுக்குத் தெரியும். சிலது வீட்டுல மூணு காலுல நடக்கும், இந்தப் படியில ஏறுனதும் நாலு காலும் நல்லாயிரும். சொகமாயிருச்சு, வாங்க வீட்டுக்குப் போவோம்னு இழுக்கும்.

சேர்மன் அப்பிடியில்ல. அவன் பிரேக் போடுற ரகம். ரேசன் கடை திருப்பத்துல வரும்போதே தெரிஞ்சிரும் அவனுக்கு. நாலு காலையும் ஊனிட்டான்னா அண்டா தூக்குறவன் என்னாலேயே நகட்ட முடியாது. இப்ப மட்டும் ஏன் இம்புட்டு அமைதியாக் கெடக்கான்னு கேக்குறீகளா? அதச் சொல்லத்தான வந்தேன்.

மொதல்ல என் வீட்டுக்காரி கதையச் சொல்லிர்றேன், அப்பத்தான் ஒங்களுக்கு விளங்கும். பஞ்சவர்ணம்னு பேரு. சேர்மன் வந்த புதுசுல அவ பின்னாடியேதான் திரிவான். அவ அடுப்படியில நின்னா அடுப்படி, கொல்லையில நின்னா கொல்லை. நான் கூப்பிட்டா, யாரு இந்த ஆளுன்னு பாப்பான். அப்ப இங்க தடுப்பூசிக்குக் கூட்டிட்டு வந்தோம். டாக்டரம்மா வாயப் பிடிக்கச் சொன்னாக. எனக்குத் திடீர்னு டீ குடிக்கணும்போல இருந்துச்சு. வாசல்ல நல்ல டீக்கடை இருக்கு, நீங்க வரும்போது பாத்திருப்பீக. நான் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள பஞ்சவர்ணம் பிடிச்சு, ஊசி போட்டு, எல்லாம் முடிஞ்சிருச்சு.

அன்னைக்குச் சாயந்தரம் அவ வச்ச சோத்த அவன் தொடல. மறுநாளும் தொடல. நேரா கடைக்கு வந்து எங்காலடியில படுத்துக்கிட்டான். அவ என்ன சொல்லுவா தெரியுமா? ஊசி போட்டா ரெண்டு நாளைக்குக் காய்ச்சல் அடிக்கும், அதான் சாப்பிடல, கடையில சிமெண்டுத் தரை ஜில்லுன்னு இருக்குன்னு அங்க வந்து படுத்தான்னு. எல்லாம் சமாளிப்பு. தோத்தவுக பேசுற பேச்சு. நான் அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டேன், பிடிச்சவுகளத்தான் நாய்க்குப் பிடிக்காம போகும்னு.

அதுலருந்து அவன் என் நாய். நான் கடையத் தொறந்தா அவனும் தொறக்குறான், நான் சாத்துனா அவனும் வந்துர்றான். எங்களுக்குள்ள ஒரு பேச்சு கெடையாது, ஆனா எல்லாம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. மாப்ள வர்ற வரைக்கும்.

எனக்கு ஒரே மக, கவிப்பிரியா. பெங்களூருல குடித்தனம். வளைகாப்பு முடிச்சுத் தலைப்பிரசவத்துக்கு மாசியில கூட்டிட்டு வந்தோம். ஊரு ஒலகத்துல பொண்ணு மட்டுந்தான் வரும். எங்களுக்கு மாப்ளயும் சேந்து வந்துட்டாப்ல. வேலையே கம்ப்யூட்டர்லதான மாமா, எங்கருந்தும் பாக்கலாம்னாப்ல. நல்ல மனுசன், கொறை சொல்லக் கூடாது. வேலூர்ப் பக்கம், இளமாறன்னு பேரு. அதிர்ந்து பேச மாட்டாப்ல. மாடி ரூம ஒழிச்சுக் குடுத்தோம், ஏசி மாட்டிக் குடுத்தோம். மாப்ளன்னா செய்யணும்ல.

ஒரு வாரம் போயிருக்கும். கடையில காலுக்கு அடியில பாக்குறேன், சேர்மனக் காணோம். தெருவுல தேடுனா இல்ல. வீட்டுக்குப் போயி மாடியில பாத்தா, மாப்ள மேசைக்கு அடியில மல்லாக்கப் படுத்திருக்கான். மாப்ள காதுல மாட்டிக்கிட்டு யாருக்கிட்டயோ இங்கிலீஷ்ல பேசிக்கிட்டே கால் கட்டைவெரலால அவன் வயித்தச் சொறிஞ்சு விடுறாப்ல. எனக்கு எப்பிடி இருக்கும் சொல்லுங்க.

சரி, ஏசிக்குத்தான் போறான்னு மனசத் தேத்திக்கிட்டேன். சித்திர வெயிலு, வாயில்லாச் சீவன், போனாப் போயிட்டுப் போகுதுன்னு விட்டேன். ஒருநா பகல் பூரா கரெண்டு இல்ல. மாடி ரூமு இட்லிக் கொப்பரை மாதிரி கொதிக்குது. வந்திருவான்னு கடை வாசல்ல தண்ணி தெளிச்சு வச்சுக் காத்திருந்தேன். வரல. ரெண்டு பேரும் மேலேயே வேத்து ஊத்தி உக்காந்திருந்தாக. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல தங்கச்சி. வாய்விட்டுச் சொல்லவா முடியும்? மாப்ள என் நாயத் திருடிட்டாப்லன்னு எந்தச் சபையில போயி சொல்றது?

பேத்தி பொறந்தா. அது ஒரு சந்தோசம், அதுல கொஞ்ச நாள் ஓடிருச்சு. ஆடி முடிஞ்சு ஆவணியில பெங்களூருக்குக் கெளம்பறதுன்னு பேசுனாக. அப்பத்தான் கவி வந்து உக்காந்தா. "அப்பா, சேர்மன நாங்க கூட்டிட்டுப் போறோம்ப்பா. அவரு இல்லாம அவன் சாப்பிட மாட்டான்"னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாப்போம்த்தா"ன்னேன். பொண்ணக் குடுத்தாச்சு, பேத்தியக் குடுத்தாச்சு, இனி நாயையும் கட்டிக் குடுக்கணுமான்னு நெஞ்சுக்குள்ள கெடந்து அடிச்சுச்சு. அத அவகிட்ட எப்பிடிச் சொல்ல?

அப்பப் பாத்து சேர்மனுக்குக் காதுல சீழ் வச்சிருச்சு. தலைய ஆட்டிக்கிட்டே இருந்தான். டாக்டரம்மா பாத்துட்டு, வாரா வாரம் கூட்டிட்டு வாங்க, கழுவி மருந்து விடணும்னாக. எனக்கு மூளையில பளிச்சுன்னு ஒண்ணு பட்டுச்சு. ஆண்டவனே வழி காட்டுறான். மாப்ளயப் பிடிக்க விட்டுருவோம்.

ஆனா மாப்ளயப் போயி நாய் வாயப் பிடிங்கன்னு எப்பிடிச் சொல்றது? பஞ்சவர்ணம் காதுல விழுந்தா என்னையத் தொலைச்சுப்புடுவா. சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா மானம் போயிரும். அதனால மரியாதையாவே சொன்னேன். "மாப்ள, எங்க பக்கத்துல ஒரு வழக்கம் இருக்கு. வீட்டுல எந்த உயிருக்கு மேலுக்கு முடியலன்னாலும், வைத்தியத்துக்கு மருமகன் கைதான் படணும். மருமகன் தொட்டாத்தான் தொலங்கும்"னேன். அப்பிடி ஒரு வழக்கம் இந்த ஜில்லாவுல எங்கயும் கெடையாது, அந்த நேரத்துல வாயில வந்துச்சு. வேலூர்க்காரருக்கு என்ன தெரியும்? "அப்படியா மாமா"ன்னு சட்டைக் கையச் சுருட்டுனாப்ல.

நாய் கடிச்சிரக் கூடாதுல்ல, அதனால எந்துண்ட எடுத்து மாப்ள கையில நானே சுத்தி விட்டேன். கோயில்ல பரிவட்டம் கட்டுற மாதிரி கட்டி விட்டேன். மாலை மட்டுந்தான் போடல. பஞ்சவர்ணம் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. "மாப்ளயப் போயி நாயப் பிடிக்கச் சொல்றீகளே, நல்லாருக்கா இது"ன்னு பல்லக் கடிச்சா. "அவருக்குச் செய்யுற மரியாதை, ஒனக்கு விளங்காது"ன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன்.

ரேசன் கடை திருப்பத்துல சேர்மன் பிரேக் போட்டான். மாப்ள இழுக்கல. குனிஞ்சு என்னமோ சொன்னாப்ல, அவனும் மெதுவா நடந்தான். இந்தா, இதே பெஞ்சுலதான் உக்காந்தோம். பேரச் சொல்லிக் கூப்பிட்டதும் நான் எந்திரிச்சேன். "மாப்ள, நீங்க பாத்துக்கங்க, நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன்"னு சொல்லிட்டுப் போயிட்டேன். அன்னைக்கு டீக்கடையில ரேடியோவச் சத்தமா வைக்கச் சொன்னேன். நல்ல பாட்டு.

திரும்பி வந்தா ரெண்டு பேரும் வெளிய வந்துட்டாக. நீங்க பாத்திருக்கணும் சேர்மன் கோவத்த. மாப்ள மடியில மூஞ்சியப் பொதைச்சுக்கிட்டு வெளியவே எடுக்க மாட்டேங்குறான். முகத்துல முழிக்கவே பிடிக்கலங்குறத அப்பிடிக் காட்டுறான். வீட்டுக்குப் போற வழி பூரா மாப்ள காலோட ஒட்டியே நடந்தான். தப்பிச்சுப் போயிருவாப்லன்னு காவல். நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன்.

அடுத்த வாரம், அதுக்கடுத்த வாரம்னு போயிக்கிட்டு இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் மாப்ளதான் பிடிச்சாப்ல. கோவம் ஏறிக்கிட்டே போச்சு. ராத்திரி மாப்ள கட்டிலுக்கு அடியிலயே படுக்குறான், கண்ண எடுக்காமப் பாக்குறான். மாப்ள குளிக்கப் போனாக் கதவுக்கு வெளிய உக்காந்து காத்துக்கிட்டு இருக்கான். கவி என்னடான்னா, "பாருங்கப்பா, அவரு மேல எம்புட்டுப் பாசம்"ங்குறா. சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும் நாய் கோவத்தப் பத்தி?

ஒரு விசயம் மட்டும் எனக்குப் பிடிபடல. டீன்னாலே சேர்மனுக்கு ஆகாமப் போச்சு. நான் இங்க பெஞ்சவிட்டு எந்திரிச்சு, "டீ குடிச்சிட்டு வர்றேன்"னு சொன்னாப் போதும், அது வரைக்கும் சும்மா கெடந்தவன் நடுங்க ஆரம்பிச்சிருவான். எம்முகத்தப் பாத்து ஒரு மாதிரி மொனகுவான். வீட்டுல கூட, சாயந்தரம் பஞ்சவர்ணத்துக்கிட்ட டீ கேட்டா, படக்குன்னு எந்திரிச்சு மாடிக்கு ஓடிப் போயி மாப்ள மேசைக்கு அடியில பூந்துக்கிறான். டீத்தூள் வாசம் நாய்க்கு ஒத்துக்காதோ என்னமோ. டாக்டரம்மாகிட்ட கேட்டேன். அவுக என்னைய ஒரு பார்வை பாத்துட்டு மருந்து எழுதப் போயிட்டாக.

கெளம்ப வேண்டிய வாரம் வந்துருச்சு. அப்ப அந்தக் காது திடீர்னு வீங்கி பணியாரம் மாதிரி உப்பிக்கிச்சு. ஓயாமத் தலைய ஆட்டி ஆட்டி உள்ள ரத்தம் கட்டிருச்சாம். மரத்துப் போறதுக்கு ஊசி போட்டு, லேசாக் கீறி, ரத்தத்த எடுத்துத் தையல் போடணும்னாக டாக்டரம்மா. நான் என்ன நெனச்சேன்? இம்புட்டு நாளும் கழுவுனதுக்கே இந்தக் கோவம்னா, கீறுறதுக்குப் பிடிச்சார்னா மாப்ளய ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டான். பெங்களூருக்குக் கூப்பிட்டா வாசப்படிய விட்டு எறங்க மாட்டான். பாவமாத்தான் இருந்துச்சு, ரெண்டு பேரையும் நெனச்சு. ஆனா எனக்கு வேற வழியில்ல தங்கச்சி. எல்லாரும் போனதுக்கப்புறம் அந்தக் கடையில நானும் அண்டாவும் மட்டும் எப்பிடி உக்காந்திருக்கிறது?

அன்னைக்கும் துண்டச் சுத்தி விட்டேன். பேரக் கூப்பிட்டாக. நான் எந்திரிச்சு செருப்ப மாட்டுறேன், டாக்டரம்மா கதவுக்கிட்ட வந்து நின்னுட்டாக. "எங்க போறீங்க? இன்னைக்கு உதவியாளரு லீவு. தலைய ஒருத்தர், ஒடம்ப ஒருத்தர் பிடிக்கணும். உள்ள வாங்க." நான் சொன்னேன், "மாப்ள கை பட்டாப் போதும்மா, எங்க வழக்கம்"னு. "எந்த ஊர்ல அந்த வழக்கம்"னு கேட்டாக. மாப்ள திரும்பி என்னையப் பாத்தாப்ல. நான் மாட்டுன செருப்பக் கழட்டிட்டு உள்ள போயிட்டேன்.

சரி, பின்பக்கத்தப் பிடிச்சுக்குவோம், பின்பக்கத்துல யாரு பிடிக்கிறான்னு அவனுக்குத் தெரியவா போகுதுன்னு ஒரு கணக்குப் போட்டேன். நல்ல கணக்குத்தான். மேசையில படுக்க வச்சோம். மாப்ள தலையக் கக்கத்துல அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு காதோரமா ஏதோ பேசிக்கிட்டே இருந்தாப்ல. நான் இடுப்பப் பிடிச்சேன். அந்த ரூமுல மருந்து வாசம் எனக்கு ஒத்துக்காது, அதனால கண்ண மூடிக்கிட்டேன். ஊசி போட்டாக. கொஞ்ச நேரங்கழிச்சு எல்லாம் முடிஞ்சிருச்சோன்னு ஒரு கண்ண லேசாத் தொறந்து பாத்தேன்.

அதுக்கப்புறம் நான் பாத்தது மேல சுத்துற ஃபேன்.

மயக்கமெல்லாம் இல்ல. காலையில வெறும் வயித்தோட வந்தேன், அதான். எத்தன கல்யாணத்துக்கு அண்டா தூக்கியிருக்கேன், எனக்கு என்ன மயக்கம்? முழிச்சுப் பாக்குறேன், ஃபேனுக்குக் கீழ ஒரு தாடை தெரியுது. சேர்மன் தாடை. நாலு காலையும் எனக்கு ரெண்டு பக்கமும் ஊனிக்கிட்டு எம்மேல நிக்கிறான். பாதி வேலையில மேசையில இருந்து குதிச்சு வந்துட்டான் போல. காதுல இருந்து சொட்டுச் சொட்டா எஞ்சட்டையில ரத்தம் விழுகுது. டாக்டரம்மா ஒரு அடி முன்ன வச்சாக, பல்லக் காட்டி உறுமுனான். அவன் உறுமி நான் அந்த ரூமுக்குள்ள கேட்டதே இல்ல. நான்தான் சொன்னேனே, இங்க எந்த நாயும் கடிக்காதுன்னு.

டாக்டரம்மாகிட்ட உறுமுனது கூடப் பரவாயில்ல. மாப்ள குனிஞ்சு, "சேர்மன், மாமாவுக்கு ஒண்ணும் இல்லடா, நான் பாக்குறேன்டா"ன்னு கைய நீட்டுனாப்ல. மாப்ளகிட்டயும் பல்லக் காட்டுனான். கட்டிலுக்கு அடியில படுத்தவன், கட்டைவெரலால சொறிஞ்சு விட்டா மல்லாந்தவன், அவன்தான். மாப்ள கைய இழுத்துக்கிட்டாப்ல.

எனக்கு அப்பிடியே கெடக்கலாம்போல இருந்துச்சு தங்கச்சி, ஒங்ககிட்ட என்ன மறைக்க. அந்தத் தரையில, அந்த வாசத்துல, மனசு அம்புட்டு நெறஞ்சு போச்சு. கண்ணு ரெண்டும் கலங்கிருச்சு. அப்புறம், "சேர்மன், நான் நல்லாத்தான்டா இருக்கேன்"ன்னு சொன்னேன். என் வாய மோந்து பாத்தான். மூக்க நக்குனான். நான் எந்திரிச்சு செவுத்துல சாஞ்சு உக்காந்த பெறகுதான் ஒதுங்கி நின்னான்.

அடுத்து நடந்ததுதான் ஆச்சரியம். அவனத் திரும்பவும் மேசையில தூக்கி வச்சாக. இந்தத் தடவ யாரும் வாயப் பிடிக்கல, தலைய அமுக்கல. மாப்ள சும்மா முதுகுல ஒரு கைய மட்டும் வச்சிருந்தாப்ல. சேர்மன் கழுத்தத் திருப்பி, கீழ உக்காந்து சோடா குடிச்சுக்கிட்டு இருந்த என்னையவே பாத்துக்கிட்டு இருந்தான். தையல் போட்டு முடிக்கிற வரைக்கும் கண்ண எடுக்கல, ஒரு முக்கல் மொனகல் இல்ல. டாக்டரம்மாவே, "இப்படி ஒரு நாய நான் பாத்ததில்ல"ன்னாக. எந்தைரியத்தப் பாத்து அவனுக்கும் தைரியம் வந்துருச்சு, வேற என்ன?

வீட்டுக்குப் போற வழியில மாப்ள அந்த வழக்கத்தப் பத்திக் கேக்கவே இல்ல. அதுதான் பெரிய மனுசத்தனம். ராத்திரி கவிகிட்ட ஏதோ சொல்லியிருக்காப்ல. மறுநா காலையில அவ வந்து, "அப்பா, சேர்மன் இங்கயே இருக்கட்டும்ப்பா"ன்னா. ஏன்த்தா, ஆசையாக் கேட்டியேன்னேன். "அவரு சொல்லிட்டாரு"ன்னா.

கெளம்புற அன்னைக்குக் கார்ல தொட்டில், பால் பாட்டில், மூட்டை முடிச்செல்லாம் ஏத்தியாச்சு. மாப்ள கீழ உக்காந்து சேர்மன் கழுத்தக் கட்டிக்கிட்டு ரெம்ப நேரம் இருந்தாப்ல. கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாப்ல. பாக்கச் சங்கடமா இருந்துச்சு. எனக்கே மனசு கேக்காம, "மாப்ள, வேணும்னா கூட்டிட்டுப் போங்க"ன்னுட்டேன். சொல்லிட்டு, சரின்னு சொல்லிறக் கூடாதேன்னு ஆண்டவன வேண்டிக்கிட்டேன். மாப்ள எந்திரிச்சு எங்கையப் பிடிச்சாப்ல. "இல்ல மாமா, அவனுக்கு இங்க வேலை இருக்கு"ன்னாப்ல.

கடைக் காவலச் சொல்றாப்ல. வாஸ்தவந்தான், ராத்திரியில பாத்திரம் பூரா வெளியதான் கெடக்கு.

காரு போனதும் தெரு முக்கு வரைக்கும் பின்னாடியே ஓடுனான். நான் வாசல்ல நின்னேன். அழுகல. இல்ல, அழுதேன், பேத்தி போறாளேன்னு அழுதேன். ஓடுனவன் முக்குல நின்னு அந்தப் பக்கமும் பாத்தான், இந்தப் பக்கமும் பாத்தான். அப்புறம் திரும்பி வந்து எங்காலுல சாஞ்சு நின்னுக்கிட்டான். அன்னையிலருந்து எனக்கு முன்னாடி எந்திரிச்சிர்றான். எனக்கு இருமல் வந்தாக் கூட தலையத் தூக்கிப் பாக்குறான். நான் டீக்கடைக்குப் போனாலும் இப்ப ஓடி ஒளியுறதில்ல, கூடவே வந்து பெஞ்சுக்குக் கீழ படுத்துக்கிறான். டீ வாசம் பழகிருச்சு போல.

இன்னைக்கு வருசத் தடுப்பூசி. பஞ்சவர்ணம் கூட வர்றேன்னா. நான்தான் வேணாம்னுட்டேன். இப்ப யாரும் பிடிக்கத் தேவையில்ல தங்கச்சி, நான் பக்கத்துல இருந்தாப் போதும், அப்பிடியே நிப்பான். டாக்டரம்மா எனக்குன்னு செவுத்து ஓரமா ஒரு ஸ்டூல் போட்டு வச்சிருக்காக. வேற யாருக்கும் போடுறதில்ல. ஒரு மரியாதை. சோடா கூட வாங்கி வச்சிருக்காகளாம்.

இந்தா, கூப்பிட்டுட்டாக. சேர்மன், எந்திரி. பாருங்க, சொல்றதுக்கு முன்னாடியே எந்திரிச்சிட்டான். பிரேக்கெல்லாம் போடுறதில்ல இப்ப. அவன்பாட்டுக்கு முன்னாடி போறான் பாருங்க. வாசப்படியில நின்னுட்டான், பாத்தீகளா? திரும்பிப் பாக்குறான். நான் வராம உள்ள போக மாட்டான். பயம் தங்கச்சி, வேற ஒண்ணுமில்ல. எம்புட்டு வீரமான நாயா இருந்தாலும் இந்த எடத்துக்கு வந்தா கூட ஒரு ஆளு வேணும்ல.

வர்றேன்டா, செருப்ப மாட்டிக்கிறேன். நீ போயிராத. அங்கயே நில்லு.